வலி மாத்திரையும் வணிகர் உடம்பும்

விடியற்காலை ஐந்து மணிக்கு மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கெடுத்து, ஏழு மணிக்குக் கடை திறந்து, இரவு பத்து மணிக்கு ஷட்டரை இழுத்து மூடுகிறவரை நின்றபடியே பார்க்கிற தொழில் நம்முடையது. ஐம்பது வயதைத் தாண்டிய மளிகைக் கடைக்காரர்களில் முழங்கால் வலியோ இடுப்பு வலியோ இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் நம்மில் பலருடைய கல்லாப்பெட்டியில், சில்லறைத் தட்டுக்கு அடியில், ரப்பர் பாண்டு போட்ட பில் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை கிடக்கிறது. வலி வந்தால் ஒன்று. கூட்டம் அதிகமான நாளில் இரண்டு. தீபாவளி, பொங்கல் வியாபாரத்தின் போது கணக்கே கிடையாது. ஒரு மூட்டை துவரம்பருப்பில் கால் கிலோ குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிற நாம், மாதத்துக்கு எத்தனை மாத்திரை விழுங்குகிறோம் என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இதைப் பற்றி விவரமாக எழுத வேண்டும் என்பது நமது நெடுநாளைய எண்ணம்.

நாம் வைத்தியம் படித்தவர்கள் அல்ல. பள்ளிப் படிப்போடு நின்று மண்டிக்கு வந்தவர்கள். மருத்துவர்களிடம் கேட்டும், மருந்து வணிகம் செய்யும் நண்பர்களிடம் விசாரித்தும், மருந்தோடு வருகிற விவரத் தாளைப் பொறுமையாகப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே சொல்கிறோம். யாருக்கு எந்த மருந்து என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் அவரிடம் என்ன கேட்பது, எதை மறைக்காமல் சொல்வது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் சரக்கை இனம் பிரித்துக்கொள்வோம். "வலி மாத்திரை" என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பாரசிட்டமால். குரோசின், கால்பால், டோலோ என்ற பெயர்களில் வருவது இதுதான். இது காய்ச்சலைக் குறைக்கும், வலியைத் தணிக்கும். ஆனால் வீக்கத்தைக் குறைக்கிற சக்தி இதற்கு அநேகமாக இல்லை. மற்றொன்று வீக்கத்தையும் சேர்த்து அடக்குகிற வகை. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், மெஃபினமிக் அமிலம், நிமிசுலைடு எல்லாம் இந்தக் குடும்பம். டிஸ்பிரின் என்பது ஆஸ்பிரின். புரூஃபன் என்பது ஐபுபுரூஃபன். வோவரான் என்பது டைக்ளோஃபினாக். நாம் இந்தக் கட்டுரையில் எச்சரிக்கையாகப் பேசப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஜாதியைப் பற்றித்தான்.

பெயர் விஷயத்தில் நமக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஒரே மில்லில் அரைத்த மாவு நான்கு பிராண்டு பையில் நான்கு பெயரோடு வரும். மாத்திரையும் அப்படித்தான். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் சரக்கின் பெயர் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். உதாரணமாக, கோம்பிஃப்ளாம் என்ற மாத்திரையில் ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்திருக்கின்றன. காலையில் முழங்காலுக்கு என்று இதைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் தலைவலிக்கு என்று வேறு பெயரில் ஒரு மாத்திரையும், இரவு உடம்பு அலுப்புக்கு என்று மூன்றாவது பெயரில் ஒன்றும் போட்டால், மூன்று நோய்க்கு மூன்று மருந்து சாப்பிட்டதாக நினைப்போம். உண்மையில் ஒரே மருந்தை மூன்று மடங்கு சாப்பிட்டிருப்போம். வீக்கம் அடக்குகிற வகையில் இரண்டை ஒரே நாளில் சேர்த்துச் சாப்பிடுவதால் வலி இரண்டு மடங்கு குறைவதில்லை. கெடுதல் மட்டும் கூடும்.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கெடுதலும் தானாகவே விளங்கிவிடும். உடம்பில் அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் புராஸ்டாகிளாண்டின் என்ற ஒரு பொருள் சுரக்கிறது. வீக்கம், சூடு, வலி எல்லாவற்றுக்கும் இதற்குப் பங்கு உண்டு. வலி மாத்திரை இந்தப் பொருள் உற்பத்தியாகாமல் தடுத்துவிடுகிறது. 1897இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியில் ஆஸ்பிரின் தயாரிக்கப்பட்டபோது இந்த இரகசியம் யாருக்கும் தெரியாது. 1971இல்தான் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். சிக்கல் எங்கே என்றால், அதே புராஸ்டாகிளாண்டின் இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரித்துவிடாமல் பாதுகாக்கிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் போவதற்கும் உதவுகிறது. மாத்திரைக்கு முழங்கால் எது, இரைப்பை எது, சிறுநீரகம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லா இடத்திலும் கதவை மூடிவிடும்.

வயிறு

வயிற்றைப் பற்றி நம்மவர்களுக்கு ஓரளவு தெரியும். "வெறும் வயிற்றில் போடாதே, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், எரிச்சல் குறையும். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் புண்ணே வராது என்று நினைத்துவிடக் கூடாது. மாத்திரை இரைப்பையில் பட்ட இடத்தை மட்டும் புண்ணாக்குவதில்லை. அது இரத்தத்தில் கலந்த பிறகுதான் மேலே சொன்ன பாதுகாப்பை எடுத்துவிடுகிறது. ஆகவே, "மாத்திரைதான் வயிற்றுக்கு ஆகாது, ஊசி போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது" என்று நம் ஊர்களில் பரவலாகப் பேசப்படுகிறதே, அது முழுத் தவறு. இடுப்பில் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியும் இரத்தத்தின் வழியாக இரைப்பைக்குத்தான் போய்ச் சேருகிறது.

இன்னொரு சங்கதி. இந்தப் புண் சில பேருக்கு வலிக்கவே வலிக்காது. வலியை அடக்குகிற மருந்தே உள்ளே இருப்பதால் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. திடீரென்று ஒருநாள் இரத்தம் கசியும்போதுதான் தெரியும். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனாலோ, வாந்தியில் காபித்தூள் போலத் திப்பி திப்பியாக வந்தாலோ அது உள்ளே இரத்தம் போகிறது என்பதற்கு அடையாளம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த முடிவை நாமே எடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் அல்ல.

அறுபதைத் தாண்டியவர்கள், முன்பு குடல் புண் வந்தவர்கள், மது அருந்துகிறவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்றவை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்துமாவுக்கோ வேறு எதற்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இவர்களுக்கு வலி மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவர் பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றையும் சேர்த்தே எழுதுவார். "கேஸ் மாத்திரைதானே, எதற்கு வீண் செலவு" என்று அதை மட்டும் விட்டுவிட்டு வாங்கி வருகிற சிக்கனம் நமக்கு வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அவர்களில் சிலருக்கு ஆஸ்பிரினும் அதன் குடும்பத்து மருந்துகளும் இழுப்பைக் கிளப்பிவிடும்.

சிறுநீரகம்

வயிற்றைவிட நமக்கு அதிகக் கவலை தருவது சிறுநீரகம். ஏனென்றால் வயிறாவது எரிச்சல், உப்புசம் என்று ஏதாவது சொல்லும். சிறுநீரகம் பாதிக்கு மேல் கெடுகிறவரை வாயைத் திறப்பதில்லை. அது கெடுகிறதா என்று தெரிந்துகொள்ள இரத்தத்தில் கிரியாட்டினின் பரிசோதனையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும்தான் வழி.

நல்ல ஆரோக்கியமான ஆள் ஒருவர் இரண்டு நாளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டால் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். ஆனால் நமது வர்க்கத்தின் நிலைமை என்ன? ஐம்பது வயதில் சர்க்கரை, ஐம்பத்தைந்தில் பிரஷர் என்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. சர்க்கரையும் பிரஷரும் ஏற்கனவே சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் தினம் ஒரு வலி மாத்திரை என்றால், ஏற்கனவே பாரம் ஏற்றிய வண்டியில் இன்னும் நான்கு மூட்டையைத் தூக்கிப் போடுவது போல.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டுகிறோம். பிரஷருக்குக் கொடுக்கும் மருந்துகளில் எனலாப்ரில், ராமிப்ரில் என்று "ப்ரில்" என முடிகிற ஒரு வகை உண்டு. லோசார்டான், டெல்மிசார்டான் என்று "சார்டான்" என முடிகிற மற்றொரு வகையும் உண்டு. இவை நல்ல மருந்துகள், சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே கொடுக்கப்படுகிறவை. இவற்றோடு சிலருக்கு நீர் பிரிவதற்கான மாத்திரையும் கொடுப்பார்கள். சில சமயம் இரண்டும் ஒரே மாத்திரையிலேயே சேர்ந்திருக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு என்று அட்டையில் சிறிய எழுத்தில் இருந்தால் அது நீர் மாத்திரை சேர்ந்தது. இந்த இரண்டோடு மூன்றாவதாக வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தத்தின் அழுத்தம் மூன்று பக்கத்திலிருந்தும் குறைந்துவிடுகிறது. சில நாட்களிலேயே சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்து போகக்கூடும். பிரஷருக்கு வைத்தியம் பார்ப்பவர் ஒரு டாக்டர், முழங்காலுக்குப் பார்ப்பவர் இன்னொரு டாக்டர் என்று இருக்கும்போது, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது நம்முடைய பொறுப்பு.

சித்திரை வைகாசி வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் சரக்கிறக்குகிற நாட்களை நினைத்துப் பாருங்கள். வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகம் தனக்கு வரும் இரத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் புராஸ்டாகிளாண்டினைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த நேரத்தில் வலி மாத்திரை போட்டால் அதற்கு இருந்த ஒரே துணையும் போய்விடுகிறது. வாந்தி, பேதி உள்ள நாட்களிலும் இதே கதைதான். நமது கிடங்குகளில் சுமை தூக்குகிற தொழிலாளர்கள் முதுகு பிடித்துக்கொண்டால் ஒரு ஊசி போட்டுக்கொண்டு அரை மணியில் திரும்பி வந்து அடுத்த லாரியை இறக்குவதைப் பார்க்கிறோம். வலி தெரியாதபடி செய்துவிட்டு அதே முதுகில் மறுபடியும் 50 கிலோ ஏற்றினால் காயம் பெரிதாகும். வெயிலில் நீர் குறைந்த உடம்பில் அந்த ஊசி சிறுநீரகத்தையும் பிடிக்கும். அன்றைய கூலி போய்விடுமே என்பது அவர்கள் கவலை. அரை நாள் கூலியைக் கொடுத்து உட்கார வைப்பது முதலாளிக்கு ஒன்றும் பெரிய நஷ்டம் அல்ல என்பது நம் அபிப்பிராயம்.

காலை முழுவதும் நின்றுவிட்டுச் சாயங்காலம் பாதம் வீங்கியிருந்தால், "நின்ற வீக்கம்" என்று நாம் விட்டுவிடுகிறோம். வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும், பிரஷரையும் ஏற்றும். மாத்திரை தொடங்கிய பிறகு வந்த வீக்கமா, அதற்கு முன்பே இருந்ததா என்று யோசித்துப் பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விசித்திரமான செய்தி நினைவுக்கு வருகிறது. 1990களில் நமது நாட்டில் பாறுக் கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயின. வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டன. காரணம் தெரியாமல் பல வருடம் திகைத்தார்கள். 2004இல் காரணம் வெளியானது. மாடுகளுக்கு வலிக்காகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குப் போய் அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்திருந்தது. 2006இல் கால்நடைகளுக்கு இந்த மருந்தை மத்திய அரசு தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க 2015இல் அதை 3 மில்லிலிட்டர் ஒற்றை மருந்தளவுக் குப்பியாகக் குறைத்தார்கள். இன்று நமது மாநிலத்தில் முதுமலை, மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் மிச்சமிருக்கும் பாறுகளைப் பார்க்க முடிகிறது. கழுகின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறு. நமக்கு ஒரு மாத்திரையில் அப்படி ஆகிவிடாது. ஆனாலும் நம் கல்லாவில் கிடக்கிற அதே டைக்ளோஃபினாக்தான் அது.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயிற்றுக்குக் கெடுதல் செய்யாத வலி மாத்திரை என்று 1999இல் ரோஃபிகாக்சிப் என்று ஒன்று விற்பனைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவது தெரிந்து 2004 செப்டம்பரில் அதைத் தயாரித்த மெர்க் கம்பெனியே உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பிறகு பழைய மருந்துகளையும் ஆராய்ந்து பார்த்ததில் ஆஸ்பிரின் தவிர்த்த மற்றவற்றுக்கும் கூடக்குறைய இந்தக் குணம் உண்டு என்று தெரிந்தது. 2013இல் ஐரோப்பிய மருந்து நிறுவனம், இதய நோய் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபினாக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள் சொந்தமாக வலி மாத்திரை வாங்கவே கூடாது. இவர்களில் பலர் டாக்டர் சொற்படி தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுவார்கள். அது வலிக்கு அல்ல, இரத்தம் கட்டாமல் இருப்பதற்கு. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அதை யாரும் நிறுத்திவிடக் கூடாது. அதோடு ஐபுபுரூஃபன் சேர்ந்தால் அந்த ஆஸ்பிரினின் வேலை கெட்டுப்போகக்கூடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

காய்ச்சலுக்கு வருவோம். மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது, உடம்பு அடித்துப் போட்டாற்போல வலிக்கிறதே என்று ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ சாப்பிடுவது மிகவும் ஆபத்து. டெங்குவில் ஏற்கனவே தட்டணுக்கள் குறைந்து இரத்தம் கசியும் நிலை இருக்கும். இந்த மருந்துகள் அதை இன்னும் அதிகமாக்கும். என்ன காய்ச்சல் என்று தெரிகிறவரை பாரசிட்டமால் மட்டுமே. பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்குகிற ரை நோய் வரலாம். நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 2011இலேயே நமது நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. கர்ப்பமான பெண்கள், அதிலும் ஐந்து மாதம் ஆன பிறகு, டாக்டர் சொல்லாமல் இந்த வகை மாத்திரை எதையும் தொடக் கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அப்படியானால் வலிக்கு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். முழங்கால் வலிக்கு மாத்திரைக்கு முன்னால் மேலே தடவுகிற டைக்ளோஃபினாக் ஜெல்லை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். தோல் வழியாக இரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையில் சேருவதைவிட மிகக் குறைவு. தவிட்டு ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம், தொடைச் சதையைப் பலப்படுத்தும் பயிற்சி, ஐந்தாறு கிலோ எடை குறைப்பது ஆகியவை உண்மையாகவே பலன் தருகிறவை. இவற்றுக்கெல்லாம் முன்னால், கல்லாவுக்குப் பின்னே ஒரு உயரமான ஸ்டூல் போடுங்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உட்காரும் வசதி கொடுக்க வேண்டும் என்று சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆட்களுக்கு ஸ்டூல் வாங்கிப் போட்ட முதலாளிகள் சிலர் தாங்கள் மட்டும் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறார்கள்!

மாத்திரை வேண்டியிருந்தால் சாதாரண வலிக்குப் பாரசிட்டமாலில் தொடங்குவதே பலருக்கு நல்லது. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, நான்கு மணி முதல் ஆறு மணி நேர இடைவெளி விட்டு. 24 மணி நேரத்தில் எந்தக் காரணத்தைக் கொண்டும் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எல்லாப் பெயரிலும் வருகிற பாரசிட்டமாலையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மெலிந்த உடம்புக்காரர்களும், ஈரல் கெட்டவர்களும், தினம் குடிக்கிறவர்களும் இன்னும் குறைவாகவே சாப்பிட வேண்டும், ஏனென்றால் அளவு மீறினால் பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். ஐபுபுரூஃபன் என்றால், மேலே சொன்ன நோய்கள் எதுவும் இல்லாதவர் ஒரு வேளைக்கு 200 அல்லது 400 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராமுக்கு மேல் டாக்டர் சொல்லாமல் போகக் கூடாது. எது குறைந்த அளவில் கேட்கிறதோ அந்த அளவு, எத்தனை நாள் குறைவாகப் போதுமோ அத்தனை நாள். பத்து நாளைத் தாண்டியும் வலி நிற்கவில்லை என்றால் அது மாத்திரையால் தீர்கிற வலி அல்ல, ஏன் வலிக்கிறது என்று பார்க்க வேண்டிய வலி. வருஷக் கணக்கில் சாப்பிட்டே ஆக வேண்டிய வாத நோய்க்காரர்கள் உண்டு. அவர்கள் டாக்டர் சொல்கிற காலத்தில் கிரியாட்டினின், பிரஷர், இரத்த அளவு பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும்.

கடையில் விற்பது

இனி நமது வியாபாரத்தைத் தொடும் விஷயம். "அண்ணாச்சி, தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்காகப் பல மளிகைக் கடைகளில் பாட்டிலில் மாத்திரை வைத்திருக்கிறார்கள். சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் கே அட்டவணையில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், வலி பாம், யூகலிப்டஸ் தைலம், விளக்கெண்ணெய் போன்ற வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமல் விற்க ஒரு சலுகை உண்டு. ஆனால் அது மக்கள் தொகை 1000க்கு மேற்படாத கிராமத்துக்கு மட்டும். உரிமம் உள்ள மருந்து மொத்த வணிகரிடமோ தயாரிப்பாளரிடமோ வாங்கியிருக்கவும் வேண்டும். டைக்ளோஃபினாக் போன்று டாக்டர் சீட்டு தேவைப்படும் எச் அட்டவணை மருந்துகளுக்கு அந்தச் சிறு கிராமத்திலும் சலுகை கிடையாது. நகரத்திலும் பெரிய கிராமத்திலும் இருக்கிற மளிகைக் கடைக்குப் பாரசிட்டமால் கூட இந்தச் சலுகையில் வராது. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் மருந்து விற்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனையும், குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. மாத்திரைக்கு ஐம்பது காசு இலாபத்துக்கு இது கட்டுபடியாகுமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம்மிடம் மாத்திரை கேட்டு வருகிற கிழவிக்குச் சர்க்கரையா, பிரஷரா, அவர் வேறென்ன சாப்பிடுகிறார் என்று நமக்குத் தெரியாது. அட்டையைக் கத்தரித்து ஒன்று இரண்டாகக் கொடுத்தால் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டில் போய்விடும், மிச்சத்தில் என்ன மருந்து என்ற பெயர் கூட இருக்காது. கணக்குப் பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர் முகம் கோணக் கூடாதே என்ற தயக்கம் நமக்குப் புரிகிறது. "மெடிக்கல்ல கேளுங்கம்மா, நீங்க சாப்பிடுற மாத்திரைச் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டு கடை மாறுவதில்லை.

பாம், தைலம் வகைகள் வேறு. இவற்றில் பல ஆயுர்வேத மருந்தாகத் தயாரிக்கப்பட்டு வருகின்றன. அவற்றை விற்கத் தனி உரிமம் தேவையில்லை. அட்டைப்பெட்டியில் ஆயுர்வேத மருந்து என்றும் தயாரிப்பாளரின் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். அச்சடித்த லேபிள் இல்லாமல், "மூன்றே நாளில் மூட்டு வலி போகும்" என்று சொல்லி ஆள் கொண்டுவந்து கொடுக்கிற பொடியையும் உருண்டையையும் கடையில் அடுக்காதீர்கள். இப்படிப்பட்ட சரக்கில் ஸ்டீராய்டும் இதே வலி மாத்திரைத் தூளும் கலந்திருப்பது பல முறை பிடிபட்டிருக்கிறது. மூன்று நாளில் வலி போவதற்குக் காரணம் அதுதான்.

பாமில் வாசனை தருகிற விண்டர்கிரீன் தைலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் யூகலிப்டஸ் தைலத்தோடு இதையும் பாட்டில் பாட்டிலாக வாங்கி வருவார்கள். நம் கடைகளிலும் விற்கிறோம். இதில் இருக்கும் மீத்தைல் சாலிசிலேட் என்பது ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. மேலே தேய்த்தால் நல்ல மருந்து. ஆனால் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லிலிட்டர் சுத்தமான தைலம், பெரியவர்கள் சாப்பிடுகிற ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்குச் சமம். மிட்டாய் வாசனை அடிப்பதால் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்திலோ குழந்தை கைக்கு எட்டுகிற கீழ்த்தட்டிலோ இதை அடுக்கி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறோம். மேல் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வாங்குகிறவர் வீட்டில் சின்னக் குழந்தை உண்டென்று தெரிந்தால் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுங்கள். குழந்தை குடித்துவிட்டது என்று யாராவது ஓடி வந்தால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தை வீணாக்காமல், அந்தப் பாட்டிலையும் கையில் கொடுத்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.